அளவை இயந்திரத்தின் காமிரா இணைப்பு: கோளாறும் சோதனையும்

கருவிப் பட்டறைகளிலும் தொழிற் பயிற்சி நிலையங்களிலும் காமிரா பொருத்திய அளவை இயந்திரங்கள் இன்று பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. கருங்கல்லாலான கனத்த பீடம். அதன்மீது இரு திசைகளில் நகரும் மேடை. மேடைக்கு மேலே தூணில் ஏறி இறங்கும் ஒரு காமிரா. அருகே ஒரு கணினி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. வேலைத்துண்டை மேடைமீது வைத்து, அதன் விளிம்பையோ துளையையோ திரையில் பெரிதாகக் கண்டு, தொடாமலே அளந்துவிடலாம். வெர்னியர் காலிப்பர் நுழைய இயலாத சிறு துளைகளும், மைக்ரோமீட்டரின் முனை பட்டால் நசுங்கிவிடும் ரப்பர் வளையங்களும் இதற்குத் தடையல்ல.

இத்தகைய இயந்திரத்தில் ஒருநாள் திரை திடீரென இருண்டு விடுகிறது. உடனே "பழுது" என்ற அட்டையைத் தொங்கவிட்டு, இயந்திரம் செய்தவரின் ஆள் வரும்வரை வாரக்கணக்கில் அறையைப் பூட்டி வைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உண்மையில் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் பீடத்திலோ மேடையிலோ ஒரு குறையும் இராது. காமிராவையும் கணினியையும் இணைக்கும் யு.எஸ்.பி. வழியிலேதான் கோளாறு இருக்கும். அதைப் படிப்படியாகக் கண்டறிவது எங்ஙனம் என்பதையும், படம் மீண்ட பின்னர்ச் செய்ய வேண்டிய சோதனை யாது என்பதையும் இங்கு விளக்குவோம். இரண்டாவது விஷயத்தைப் பற்றி அநேகர் கவலைப்படுவதில்லை. முதலாவதைவிட அதுவே முக்கியமானது என்பது நமது கருத்து.

பயிற்சி நிலையம் ஒன்றின் அளவை அறையில் இக்கட்டுரையாளர் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுவது பொருந்தும். பயிற்சியாளர்கள் தேர்வுக்காகச் செய்த வேலைத்துண்டுகளை அங்கு இவ்வியந்திரத்தில் அளந்து மதிப்பெண் வழங்கி வந்தனர். காலையில் ஒழுங்காகத் தெரியும் படம், உயரமான துண்டு ஒன்றை வைப்பதற்காகத் தூணை உயர்த்தியதும் மறைந்துவிடும். தாழ்த்தினால் சிறிது நேரத்தில் திரும்பிவரும். மென்பொருளில்தான் பிழை என்று கருதி அதனை இருமுறை நீக்கி மீண்டும் பதித்தார்கள். பயன் ஏற்படவில்லை. இறுதியில் பிட்டர் பிரிவைச் சேர்ந்த வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர், தூணை அசைக்காமல் கேபிளை மட்டும் கையால் வளைத்துப் பார்த்தார். படம் மறைந்தது. தூணோடு சேர்ந்து நாள்தோறும் நூறு முறை வளைந்து நிமிர்ந்த அந்தக் கேபிளின் உள்ளே, மேலுறை சிதையாமலே ஒரு கம்பி அறுந்திருந்தது.

புதிய கேபிள் போடப்பட்டது, படம் தெளிவாக வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. கேபிளை நுழைப்பதற்காகக் காமிராவைக் கழற்றி மீண்டும் திருகினார்கள் என்ற சிறிய செய்தியை மட்டும் பதிவேட்டில் எவரும் எழுதவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

எந்த வழி அறுந்தது?

இயந்திரத்திலிருந்து கணினிக்குச் செல்லும் வழி ஒன்றன்று. மேடை எவ்வளவு நகர்ந்தது என்பதை அதனடியில் உள்ள நுண்கோடிட்ட அளவுகோல்கள் உணர்ந்து, தமக்கெனத் தனிக் கேபிள் மூலம் தெரிவிக்கின்றன. காமிராவின் படம் வேறு வழியாக வருகிறது. மென்பொருளுக்கு உரிமை வழங்கும் சிறு சாவி ஒன்றும் பல இயந்திரங்களில் கணினியின் இன்னொரு யு.எஸ்.பி. துளையில் செருகப்பட்டிருக்கும். ஆகவே படம் மறைந்தவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம், மேடையைச் சிறிது நகர்த்தித் திரையில் எண்கள் மாறுகின்றனவா என்று பார்ப்பதே. எண்கள் மாறினால் அளவுகோல்களின் வழி நன்றாக உள்ளது. குறை காமிராவின் வழியில் மட்டுமே. எண்களும் அசையவில்லையெனில் காமிராவைத் தொடவே வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்சாரத்தையும் உரிமைச் சாவியையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கறுத்த திரை வேறு, காமிராவே இல்லை என்ற அறிவிப்பு வேறு. மேடைக்குக் கீழுள்ள விளக்கு எரியாவிட்டாலும் திரை கறுத்தே காணப்படும். சொல்வதற்கு வெட்கமாக இருப்பினும், விளக்கின் திருகு குறைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கவனியாமல் காமிராவைப் பிரித்தவர்களும் உண்டு.

யு.எஸ்.பி. இணைப்பின் உள்ளே நிகழ்வது

யு.எஸ்.பி. முறை 1996-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதை உருவாக்கிய இன்டெல் நிறுவனக் குழுவில் முக்கியப் பங்கு கொண்ட அஜய் பட், பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக் கழகத்தில் பயின்றவர். 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பு வினாடிக்கு 480 மெகாபிட் வேகமும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு 5,000 மெகாபிட் வேகமும் உடையவை.

இரண்டாம் பதிப்பின் சாதாரணக் கேபிளை அறுத்துப் பார்த்தால் நான்கு கம்பிகள் காணப்படும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. பச்சையும் வெள்ளையும் செய்தியைக் கொண்டு செல்கின்றன. காமிராவைச் செருகியதும் அது பச்சைக் கம்பியை 1,500 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகச் சற்று உயர்ந்த மின்னழுத்தத்தில் நிறுத்துகிறது. கதவைத் தட்டுவது போன்றது இது. யாரோ வந்திருப்பதைக் கணினி இதனால் அறிந்து, "நீ யார்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?" என்று வினவுகிறது. காமிரா தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும், தன் இனத்தின் எண்ணையும், தன் தேவையையும் கூறுகிறது. அவ்வெண்களுக்கு ஏற்ற டிரைவர் என்னும் இயக்கு நிரலைக் கணினி தேடி எடுத்துக் கொள்கிறது. இவ்வளவும் நடந்த பின்னரே படம் வரத் தொடங்கும்.

இந்த உரையாடலை நினைவில் வைத்துக் கொண்டால், அது எவ்விடத்தில் நின்றுபோயிற்று என்பதைக் கொண்டே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். விண்டோஸ் கணினியில் டிவைஸ் மானேஜர் என்னும் பட்டியலைத் திறந்து வைத்துக் கொண்டு காமிராவைச் செருகிப் பாருங்கள். காமிராவின் சிறு விளக்கு எரிந்தும் பட்டியலில் ஒரு மாற்றமும் இல்லையானால், மின்சாரக் கம்பிகள் நன்றாக இருந்து செய்திக் கம்பிகள் அறுந்திருக்கலாம். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்றே விற்கப்படும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை என்பதையும் அறிக. "அறியப்படாத யு.எஸ்.பி. சாதனம்" என்ற பெயரும் 43 என்ற எண்ணும் தோன்றினால், கதவு தட்டப்பட்டது, ஆனால் வினாவுக்குச் சரியான விடை வரவில்லை என்பது பொருள். கேபிளோ, செருகு துளையோ, காமிராவோ இவற்றுள் ஒன்று குறையுடையது. எண் 28 வந்தால் இணைப்பு சரி, டிரைவர் இல்லை. எண் 10 என்பது, சாதனத்தைக் கண்டுகொண்டும் அதை இயக்கத் தொடங்க முடியவில்லை என்பதைக் குறிக்கும்.

சோதனையின்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் துளையையும் டிரைவரையும் ஒருசேர மாற்றியபின் படம் வந்தால், எதனால் வந்தது என்பது தெரியாது. மறுமாதம் அதே தொல்லை திரும்பும்போது மீண்டும் இருட்டிலே துழாவ நேரிடும்.

மின்சாரக் குறைவு

சில காமிராக்கள் கணினியால் அறியப்பட்டுப் படமும் தந்து, சில நிமிடங்களில் மறைந்து போகின்றன. இதற்கு மின்சாரக் குறைவு ஒரு முக்கியக் காரணம். இரண்டாம் பதிப்புத் துளை ஒன்று ஒரு சாதனத்துக்கு 500 மில்லி ஆம்பியர் வரையிலும், மூன்றாம் பதிப்புத் துளை 900 மில்லி ஆம்பியர் வரையிலும் வழங்க வேண்டுமென்பது விதி. தனி மின்சாரம் இல்லாத ஹப் என்னும் பிரிப்புப் பெட்டியை இடையில் வைத்தால், இரண்டாம் பதிப்பு விதிப்படி அதன் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் உரியது.

கேபிளின் நீளமும் இதிற் சேரும். பள்ளி ஆசிரியர்கள் ஓம் விதிக்கு நல்ல உதாரணமாக இதைக் கொள்ளலாம். 0.32 மில்லி மீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். கேபிளின் நீளம் 5 மீட்டரானால் மின்சாரம் போகவும் வரவும் 10 மீட்டர் தூரம் செல்கிறது. மொத்தத் தடை 2.1 ஓம். காமிரா 0.4 ஆம்பியர் எடுத்துக் கொண்டால் வழியிலேயே 0.84 வோல்ட் இழக்கப்படுகிறது. 5 வோல்ட்டாகப் புறப்பட்டது 4.16 வோல்ட்டாகச் சேருகிறது. அரை மில்லி மீட்டர் விட்டமுள்ள கம்பியாக இருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான். எனவே நீளமான மெல்லிய கேபிளைக் காட்டிலும் குட்டையான தடித்த கேபிளே சிறந்தது. இரண்டாம் பதிப்பில் 5 மீட்டருக்கு மேலும், மூன்றாம் பதிப்பில் சுமார் 3 மீட்டருக்கு மேலும் சாதாரணக் கேபிளை நீட்டுதல் ஆகாது. கணினியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டு, பின்னர் நீட்டிப்புக் கேபிள் போட்டு ஒப்பேற்றிய இடங்களில்தான் இத்தொல்லை மிகுதி.

வழியின் கொள்ளளவு

இரண்டு காமிராக்கள் உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றும் தனியே வேலை செய்து, சேர்ந்து வேலை செய்ய மறுப்பதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட படம், புள்ளி ஒன்றுக்கு 2 பைட் வீதம், வினாடிக்கு 30 முறை அனுப்பப்பட்டால் வினாடிக்கு 1 கோடியே 84 லட்சம் பைட் ஆகிறது. இரண்டாம் பதிப்பில் இத்தகைய காமிரா ஒன்று தனக்கென ஒதுக்கிக் கொள்ளக்கூடிய உச்ச அளவு 2 கோடியே 46 லட்சம் பைட். ஆகவே ஒரு காமிராவுக்கு இடம் உண்டு. இரண்டு காமிராக்களும் உச்ச அளவைக் கோரினால், ஒரே கட்டுப்பாட்டகத்தின் கீழ் அது இயலாது. இரண்டாவதற்குக் கணினி அனுமதி மறுத்துவிடும். வேறு கட்டுப்பாட்டகத்தைச் சார்ந்த துளையில் இரண்டாவதைச் செருகுவதே பரிகாரம்.

மூன்றாம் பதிப்புக் காமிராவிலும் இதையொத்த ஒரு விசித்திரம் நிகழும். செருகியை மெதுவாகத் தள்ளினால், இரண்டாம் பதிப்பின் நான்கு தொடுமுனைகள் முதலிற் சேர்ந்து, காமிரா பழைய வேகத்திலேயே பதிவாகிவிடுவது சில சமயம் உண்டு. படம் வரும், ஆனால் தயங்கித் தயங்கி வரும். கழற்றி ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

மேடையை ஓட்டும் மோட்டார் சுழலும்போது மட்டும் படம் கலைகிறதென்றால், மோட்டாரின் கம்பியும் காமிராவின் கேபிளும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பல காமிராக்கள் படத்தை அனுப்பும் முறையில், வழியிற் சிதைந்த துணுக்கைத் திரும்பக் கேட்கும் ஏற்பாடு இல்லை. நேரம் தவறாமல் படம் வருவது முக்கியம் எனக் கருதி அவ்வாறு வகுத்தார்கள். ஆகவே மின் இரைச்சலால் சிதைந்த பகுதி சிதைந்ததாகவே போய்விடுகிறது. கம்பிகளைப் பிரித்துக் கட்டுவதும், நிலத்தொடர்பைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் போதுமானவை.

கணினிக்குள் மறைந்திருக்கும் காரணங்கள்

பட்டியலில் காமிரா குறையின்றித் தோன்றியும் அளவை மென்பொருளில் படம் இல்லையெனில், மூன்றைக் கவனிக்க வேண்டும். வேறொரு நிரல் காமிராவைப் பிடித்துக் கொண்டிருக்கலாம். சாதாரணமாக ஒரு காமிராவை ஒரு நிரலே பயன்படுத்த முடியும். விண்டோஸின் தனியுரிமைப் பகுதியில் காமிராவைப் பயன்படுத்தும் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கலாம். அல்லது மென்பொருள் முதல் எண்ணுள்ள காமிராவைத் தேடுகையில், மடிக்கணினியிலேயே அமைந்துள்ள காமிரா அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். அப்பொழுது வேலைத்துண்டுக்குப் பதிலாக அளப்பவரின் முகமே திரையில் தோன்றும்! வரிசை எண் இல்லாத காமிராவை வேறு துளைக்கு மாற்றினால், விண்டோஸ் அதைப் புதியதோர் சாதனமாகவே கொள்ளும். எனவே நன்றாக வேலை செய்யும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டி வைப்பது நலம்.

உணவு இடைவேளைக்குப் பின் மட்டும் படம் காணாமற் போகிறது என்ற புகாரும் கேட்கப்படுவதே. வேலையற்ற யு.எஸ்.பி. சாதனத்தை உறங்க வைக்கும் சிக்கன ஏற்பாடு விண்டோஸில் உள்ளது. சில காமிராக்கள் உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிப்பதில்லை. மின்சாரச் சிக்கனப் பகுதியில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாம்.

பழைய இயந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றின் டிரைவர்கள் 32 பிட் விண்டோஸுக்கென எழுதப்பட்டவையாயின் 64 பிட் விண்டோஸில் ஏறமாட்டா. விண்டோஸ் 7-இல் மூன்றாம் பதிப்பு யு.எஸ்.பி.க்கான டிரைவர் இயல்பாகவே அமைந்திருக்கவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான் அது சேர்க்கப்பட்டது. ஆகவே கணினியைப் புதுப்பித்த மறுநாள் காமிரா மறைந்தால் வியப்பதற்கில்லை. இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. மேடை அளவுகோல்களின் திருத்த அட்டவணையும், ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் உரிய அளவீட்டு எண்களும் பல இயந்திரங்களில் அந்தக் கணினியிலேயே கோப்புகளாக இருக்கின்றன. படம் வரவில்லை என்ற கோபத்தில் கணினியை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைப்பவர், அவற்றையும் சேர்த்து அழித்துவிடுகிறார். முதலில் அக்கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

படம் மீண்டபின்

படம் வந்துவிட்டது என்பதனாலேயே அளவும் வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. மென்பொருள் ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு பகுதிகளைக் கூட்டி அறிகிறது. மேடை எவ்வளவு நகர்ந்தது என்பது ஒன்று. அப்புள்ளி படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பது மற்றொன்று. இரண்டாவது பகுதி முற்றிலும் காமிராவைச் சார்ந்தது. 6.4 மில்லி மீட்டர் அகலமுள்ள பரப்பை 1,280 புள்ளிகளில் காட்டும் காமிராவில் ஒவ்வொரு புள்ளியும் 5 மைக்ரோன். மீண்டும் இணைத்தபோது காமிரா 640 புள்ளிகளுக்கு இறங்கிவிட்டால் புள்ளி 10 மைக்ரோன் ஆகிவிடும். மென்பொருள் பழைய எண்ணையே நம்பினால் 2 மில்லி மீட்டர் துளை 1 மில்லி மீட்டராகத் தெரியும். இவ்வளவு பெரிய பிழையை எவரும் கண்டுகொள்வர். ஆதலால் அதனால் அபாயமில்லை. ஒளியேற்பு நேரம் பழைய தானியங்கு நிலைக்குத் திரும்பிவிடுவது அதைவிடத் தந்திரமானது. வெளிச்சம் மிகும்போது துளையின் விளிம்பு இருபுறமும் ஒவ்வொரு புள்ளி வெளித்தள்ளிக் காணப்பட்டால், விட்டம் 10 மைக்ரோன் கூடிவிடுகிறது. அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

மிகத் தந்திரமானது காமிராவின் திருகல். பயிற்சி நிலையத்தில் நிகழ்ந்தது இதுவே. கேபிள் மாற்றிய மறுவாரம் பயிற்சியாளர் ஒருவர் செய்த தகட்டை அளந்தார்கள். 2 மில்லி மீட்டர் விட்டமுள்ள இரு துளைகள், அவற்றின் மையங்களுக்கிடையே 40 மில்லி மீட்டர் இருக்க வேண்டும், 0.02 மில்லி மீட்டர் வரை கூடலாம், குறையலாம். இயந்திரம் 40.03 என்று காட்டியது. தகடு தள்ளப்பட்டது. கணினி காட்டும் எண்ணை யார் மறுப்பார்? அந்தப் பையன் மட்டும், தான் ஸ்லிப் கேஜ் கொண்டு ஒத்துப் பார்த்தே துளையிட்டதாகத் திரும்பத் திரும்பக் கூறினான்.

காமிராவைத் திருப்பிப் பொருத்தியபோது அது முக்கால் பாகைக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 0.7 பாகை, சுழன்றிருந்தது. படத்தில் நடுவிலிருந்து மேலே 1 மில்லி மீட்டர் விலகிய புள்ளி, இதனால் பக்கவாட்டில் 0.012 மில்லி மீட்டர் நகர்ந்ததாகத் தோன்றும். முதல் துளையைப் படத்தின் மேற்பகுதியிலும் இரண்டாவதைக் கீழ்ப்பகுதியிலும் வைத்து அளந்திருந்தார்கள். இரண்டுக்கும் உயரத்தில் 2.4 மில்லி மீட்டர் வேறுபாடு, பிழை 0.029 மில்லி மீட்டர். இத்தனைக்கும் கேபிள் போட்டவுடன் அளவீட்டு வட்டம் ஒன்றைத் திரையின் நடுவில் வைத்துச் சோதித்திருந்தார்கள். விட்டம் சரியாகவே வந்தது. வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும் வட்டம்தானே!

இதனைக் கண்டறியும் சோதனை மிக எளியது. கண்ணாடித் தகட்டில் பொறித்த சிறு வட்டம் ஒன்றைப் படத்தின் நடுவிலும், பின்னர் மேடையை நகர்த்தி நான்கு மூலைகளிலும் வைத்து, அதன் மையத்தை ஐந்து முறை அளக்க வேண்டும். தகடு மேடைமீது அசையவில்லையாதலால் ஐந்து விடைகளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். நான்கு மூலை விடைகளும் நடுவிலிருந்து வெளிநோக்கியோ உள்நோக்கியோ விலகினால் புள்ளியின் அளவு பிழை. சக்கரத்தின் ஆரைகள் சுழன்றதுபோல ஒரே பக்கமாக ஒதுங்கினால் காமிரா திரும்பியுள்ளது. பத்து நிமிட வேலை. கேபிள், காமிரா, டிரைவர், கணினி ஆகிய எதைத் தொட்டாலும் இதைச் செய்துவிட்டே அடுத்த துண்டை அளக்க வேண்டும். இயந்திரத்தின் முழுச் சோதனை முறை 2011-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 10360 தர நூலின் 7-ஆம் பகுதியில் விரிவாக உள்ளது. ஆயினும் அது அன்றாடச் சோதனைக்காக எழுதப்பட்டதன்று.

பள்ளிகளில் யு.எஸ்.பி. நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆசிரியர்கள் விலையுயர்ந்த கண்ணாடித் தகட்டுக்கு ஏங்க வேண்டியதில்லை. எஃகு அளவுகோலின் மில்லி மீட்டர்க் கோடுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் வைத்து, எத்தனை புள்ளிகள் ஒரு மில்லி மீட்டர் என்று மாணவரையே எண்ணச் சொல்லலாம். இரு திசைகளிலும் எண்ணிக்கை வேறுபட்டால், மென்பொருள் படத்தை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டுகிறது என்பது புலப்படும். தலைமயிரின் தடிப்பை அளப்பதற்கு முன் இதைச் செய்வது அவசியம்.

அந்தத் தகட்டின் விஷயம் இவ்வாறு முடிந்தது. பிட்டர் ஆசிரியர் அதை மட்டப் பலகையில் வைத்து, துளைகளில் பொருந்தும் ஊசிகளைச் செருகி, ஸ்லிப் கேஜ் வைத்து அளந்தார். 40 மில்லி மீட்டருக்கு மேல் 4 மைக்ரோனே வந்தது. காமிராவின் திருகைத் தளர்த்தி, மேடையை நகர்த்தும்போது வட்டம் திரையின் குறுக்குக் கோட்டிலேயே ஓடுமாறு திருப்பி இறுக்கினார்கள். ஐந்திடச் சோதனை செய்தார்கள். இடைப்பட்ட வாரத்தில் அளந்த பதினோரு துண்டுகளும் மறுபடி அளக்கப்பட்டன; அவற்றுள் ஒன்று, முதலில் தேர்ந்ததாகக் குறிக்கப்பட்டது, தேறவில்லை. கேபிள் மாற்றிய நாளும், காமிரா கழற்றப்பட்டதும் அன்றுதான் பதிவேட்டில் சிவப்பு மையினால் எழுதப்பட்டன.